இரண்டு விரல் இடைவெளி

என் மனைவிக்கு ஏழாம் மாதம் நடந்தபோது, கிளினிக்கில் மிஸ்ஸி ஒரு கேள்வி கேட்டார். நர்ஸை எங்கள் பக்கத்தில் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். மலாய்க்காரப் பெண், என்னைவிட வயது குறைவாகத்தான் இருக்கும். வயிற்றை அளந்து, ரத்த அழுத்தம் பார்த்து, புத்தகத்தில் எழுதிக்கொண்டே, "பிள்ளை எங்கே தூங்கப் போகுது?" என்று மலாயில் கேட்டார். எங்களோடு எங்கள் கட்டிலில்தான் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அதற்கு முன்பும் நான் பயப்படுகிற ஆள்தான். கேஸை அடைத்தேனா என்று பார்க்க, கீழே மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி மூன்று மாடி ஏறி வருகிறவன். ஆனால் அந்தப் பயத்துக்கு ஒரு முடிவு உண்டு. போய்ப் பார்த்தால் அடைத்திருக்கும். இந்தப் பயத்துக்கு அப்படிப் போய்ப் பார்க்க இடமில்லை.

மிஸ்ஸி சொன்னது இவ்வளவுதான். பிள்ளைக்குத் தனிக் கட்டில் வேண்டும், ஆனால் நம் அறையிலேயே இருக்க வேண்டும். மெத்தை கெட்டியாக, மட்டமாக இருக்க வேண்டும். மல்லாக்கப் போட வேண்டும். உள்ளே தலையணை, போர்வை, பொம்மை எதுவும் கூடாது. கட்டிலின் கம்புகளுக்கு நடுவில் ஒரு சோடா டின் நுழையக் கூடாது. பெரியவர்கள் நடுவில் பிள்ளை கிடந்தால் என்ன ஆகலாம் என்றும் சொன்னார். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் இன்றைக்குச் சோறு இறங்காது.

நான் ஃபாரம் டூவோடு, பதினாலு வயதில், பள்ளிக்கூடத்தை விட்டவன். கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். படிப்பு குறைந்தவனுக்கு ஒரு கஷ்டம் இருக்கிறது. விஷயம் தெரிந்தவர் பத்து சொன்னால், அதில் எது முக்கியம், எது சும்மா சொன்னது என்று பிரிக்கத் தெரியாது. பத்தையும் ஒரே கனமாகத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவேன்.

அன்றைக்கே பந்திங்கில் இருக்கும் அத்தைக்குப் போன் போட்டோம். அத்தை என்றால் மனைவியின் அம்மா. பிள்ளை பிறந்ததும் எங்களோடு வந்து தங்கிப் பத்தியம் பார்க்கப் போகிறவர் அவர்தான்.

"கட்டிலா? வாங்குங்க மாப்ள, யாரு வேணாங்கறா. ஆனா பிள்ள பொறக்காம வீட்டுக்குள்ள கொண்டாரக் கூடாது. மெத்தையும் கூடாது. அதோட ஆணிகூட கூடாது."

"அத்தை, முன்னாடியே மாட்டி, ஆட்டிப் பாத்து வெச்சாத்தானே நல்லா இருக்கும்?"

"ஆட்டிப் பாப்பீங்களா? காலிக் கட்டிலையா? போன அவகிட்ட குடுங்க."

மனைவி பேசி முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உங்ககிட்ட சொன்னதில்ல. எனக்கு முன்னாடி அம்மாவுக்கு ஒரு பையன் பொறந்தான். எட்டாம் மாசமே அப்பா தொட்டில் வாங்கிட்டு வந்து மாட்டிட்டாராம். பையன் ஆஸ்பத்திரியிலேர்ந்து வரவே இல்ல. அம்மா மட்டும் வீட்டுக்கு வந்தாங்க. தொட்டில் அப்படியே இருந்துச்சாம்."

அதற்குப் பிறகு நான் வாதாடவில்லை. என் பயம் கட்டிலைச் சீக்கிரம் கொண்டுவா என்றது. அத்தையின் பயம் கொண்டுவராதே என்றது. வாங்கலாம், ஆனால் வேறு எங்காவது வைக்கலாம் என்று முடிவு செய்தேன்.

வாங்குவது அவ்வளவு லேசாக இல்லை. எங்கள் அறை பத்துக்குப் பத்து. பெரிய கட்டிலும் அலமாரியும் போக மிச்சம் இருப்பது ஜன்னலோரம் ஒரு துண்டு இடம். டேப்பைப் போட்டு அளந்து, அட்டைப் பெட்டிகளைப் பிரித்து அதே அளவுக்குத் தரையில் விரித்துப் பார்த்தேன். அலமாரிக் கதவு பாதிதான் திறந்தது. மனைவி அந்த அட்டையைத் தாண்டித் தாண்டிப் பாத்ரூம் போனாள். "பிள்ள வர்றதுக்குள்ள எனக்கு ஹைஜம்ப் வந்துரும்," என்றாள்.

கோலாலம்பூரில் ஒரு பெரிய மாலில் பார்த்தோம். அங்கே ஒரு கட்டில், பிள்ளைக்கு ஏழு வயது ஆகிற வரைக்கும் நீட்டி நீட்டிப் படுக்கலாமாம், கீழே இழுப்பறை வேறு. அதை வாங்கினால் நாங்கள் இரண்டு பேரும் படிக்கட்டில்தான் படுக்க வேண்டும். மனைவி பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடையில் வேலை செய்கிறாள். அவளைக் கூப்பிடப் போகும்போதெல்லாம் அங்கிருந்த அக்காக்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

"தம்பி, கட்டிலெல்லாம் எதுக்கு? ஸ்பிரிங்க மாட்டு, சாரோங் கைலியத் தொட்டிலாப் போடு, நாலு இழு இழு. பிள்ள மட்டை."

"ஸ்பிரிங் அறுந்தா அக்கா?"

"இவன் பொண்டாட்டிய எப்படித்தான் கட்டிக்கிட்டானோ! தாலி அறுந்தா என்னா பண்றதுன்னு கேட்டிருப்பான்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீடு திரும்புகிற வழியெல்லாம் ஸ்பிரிங்கைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

செலாயாங்கில் ஒரு அக்கா, பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் பழைய கட்டிலை விற்பதாக போனில் விளம்பரம் போட்டிருந்தார். போனேன். படத்தில் இருந்த மாதிரியே அழகான கட்டில். ஒரு பக்கத்து அடைப்பைத் தூக்கினால் மேலே நிற்கும், அமுக்கினால் கீழே இறங்கும். பிள்ளையைத் தூக்க முதுகு வளைக்க வேண்டியதில்லை. எனக்குப் பிடித்துவிட்டது. பிடித்ததால்தான் பயம் வந்தது. கிடங்கில் சாமான் அடுக்குகிற ராக்கை ஆட்டிப் பார்க்கிற மாதிரி அந்த அடைப்பைப் பிடித்து ஆட்டினேன். கொக்கி கழன்று சடாரென்று விழுந்தது.

"அப்படியா ஆட்டுவாங்க? மூணு பிள்ள இதுலதான் வளந்துச்சு. ஒண்ணும் ஆவல."

"இல்லக்கா, சும்மா பாத்தேன்." பையிலிருந்து சோடா டின்னை எடுத்தேன். கம்புகளுக்கு நடுவில் வைத்தேன். அமுக்காமலே அந்தப் பக்கம் போய் உருண்டது.

அந்த அக்கா டின்னையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "பிள்ளைக்குக் கட்டில் பாக்க வந்தீங்களா, இல்ல வேற என்னமாச்சும் பண்றீங்களா?"

மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். டின்னை அங்கேயே விட்டுவிட்டேன்.

கடைசியில் கிள்ளானிலேயே கிடைத்தது. பழைய கடைவரிசையில் கட்டில், மேசை விற்கிற ஒரு சீன அங்கிளின் தளவாடக் கடை. சின்ன வயதில் எஸ்டேட் ஓரத்தில் வளர்ந்தவர், தமிழ் என்னைவிட வேகமாகப் பேசுவார். நான்கு பக்கமும் அசையாத, இறங்காத, அலங்காரம் இல்லாத ஒரு சின்ன மரக்கட்டில் அவரிடம் இருந்தது. நான் புது டின்னை எடுத்து ஒவ்வொரு இடைவெளியிலும் வைத்து அமுக்கினேன். ஒன்றிலும் நுழையவில்லை. குனிந்து அடியில் பார்த்தேன். திருகாணிகளை நகத்தால் தடவிப் பார்த்தேன். மரச்சிலும்பு இருக்கிறதா என்று மேல்கட்டையைக் கன்னத்தால் உரசினேன்.

"என்னா தம்பி, கட்டில் வாங்குறியா, எல்ஆர்டி ரயில் பாலம் கட்டுறியா?"

"முதல் பிள்ள அங்கிள்."

"தெரியுது லா. ரெண்டாவது பிள்ளைக்கு வர்றவன் கார விட்டே எறங்க மாட்டான். வெளிய நின்னே, தௌக்கே, முதலாளி, ஒண்ணு ஏத்துன்னு கத்துவான்."

கட்டிலோடு வந்த மெத்தை எனக்குப் பிடிக்கவில்லை. கையை வைத்து அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றது. அதை வேண்டாம் என்றேன். கட்டிலுக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டு, பிள்ளை பிறக்கும் வரை கடையிலேயே இருக்கட்டும் என்று கேட்டேன். அவர் ஏன் என்றே கேட்கவில்லை. "உங்க ஆளுங்க நெறைய பேர் அப்படித்தான்," என்று சொல்லி மேலே ஒரு காகிதத்தில் சீனத்தில் எதையோ எழுதி ஒட்டினார்.

மெத்தையைக் கடைத்தெருவில் குஷன் தைக்கிற பாயிடம் கொடுத்தேன். கெட்டியான ஸ்பாஞ்ச், மேலே பருத்தித் துணி. கட்டிலின் உள் அளவை நானே எடுத்து, நானே காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். மெத்தையும் முன்கூட்டி வீட்டுக்கு வரக் கூடாதே, அது பாயின் கடையிலேயே பிளாஸ்டிக் சுற்றி நின்றது. கட்டில் ஒரு தெருவில், மெத்தை ஒரு தெருவில். வாரத்துக்கு ஒரு தடவை வேலை முடிந்து இரண்டையும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். ஒருநாள் கட்டிலுக்குள் அங்கிளின் பூனை படுத்திருந்தது. அன்றிலிருந்து பூனை முடியைப் பற்றியும் கவலைப்பட ஆரம்பித்தேன்.

பிள்ளை மூன்று வாரம் முன்னாடியே வந்துவிட்டாள். சீனப் புத்தாண்டுக்கு, எங்கள் பேச்சில் சீனப் பெருநாளுக்கு, இரண்டு நாள் இருந்தது. சின்ன உடம்பு, ஆனால் நல்ல மூச்சு, நல்ல அழுகை. பெருநாளுக்கு முந்தின நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்களை வீட்டில் இறக்கிவிட்டு அங்கிளின் கடைக்கு ஓடினேன். ஷட்டர் இறங்கியிருந்தது. சிவப்புக் காகிதத்தில் திறக்கும் நாள் எழுதி ஒட்டியிருந்தது. இத்தனை நாளாக ஆயிரம் கணக்குப் போட்டவன், சீனப் பெருநாளை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

பிள்ளையும் அம்மாவும் பெரிய கட்டிலில் படுத்தார்கள். நான் தரைக்கு இறங்கிவிட்டேன், என் கை கால் பிள்ளை மேல் பட்டுவிடக் கூடாது என்று. மனைவி களைப்பில் கல்லு மாதிரித் தூங்கினாள். அவள் புரள்கிறாளா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் நான் படுக்கவே இல்லை, உட்கார்ந்திருந்தேன். அத்தை பார்த்துவிட்டு, "நாங்கல்லாம் பிள்ளய பக்கத்துல போட்டுத்தான் வளத்தோம் மாப்ள," என்றார். ஆனால் அதைச் சொல்லிவிட்டு அவரும் போய்த் தூங்கவில்லை.

பெருநாள் இரண்டாம் நாள் காலையில் வெட்கத்தை விட்டு அங்கிளுக்குப் போன் போட்டேன்.

"அங்கிள், பெருநாள் வாழ்த்து. பிள்ள வந்துருச்சு."

"ஐயோ, சீக்கிரமா வந்துருச்சே! பையனா, பொண்ணா?"

"பொண்ணு. கட்டில் வேணும் அங்கிள்."

"ஆறாம் நாள் வா தம்பி. கடை தொறக்க நாள் பாத்து வெச்சாச்சு. அதுக்கு முன்ன ஷட்டர் தூக்குனா வருஷம் பூரா வியாபாரம் படுத்துரும்."

எனக்குக் கோபம் வரவில்லை. என்ன சொல்லிக் கோபப்படுவது? "எங்க வீட்லயும் அப்படித்தான் அங்கிள். எங்க அத்தை கூடாதுன்னாங்க, அதனாலதான் கட்டில் உங்ககிட்ட மாட்டிக்கிச்சு."

அவர் சிரிக்கிறது கேட்டது. "பின் சந்துக்கு வா. ஷட்டர் தூக்குனாதான் கடை தொறந்த கணக்கு. பின் கதவு என் வீட்டுக் கதவு லா."

கிடங்கில் கூட வேலை செய்யும் அண்ணனின் வேனை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். அங்கிள் புதுச் சிவப்புச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, சாக்கடை ஓரத்தில் நின்று, கழற்றி வைத்திருந்த கட்டிலைப் பலகை பலகையாக வெளியே நீட்டினார். கடைசியாக இரண்டு ஆரஞ்சுப் பழங்களைக் கையில் கொடுத்தார். வழியில் பாயின் கடை திறந்திருந்தது. மெத்தையையும் ஏற்றிக்கொண்டேன்.

வீட்டில் கட்டிலை மாட்ட இரண்டு மணி நேரம் ஆனது. ஒவ்வொரு திருகாணியையும் முறுக்கி, பிறகு முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி முறுக்கினேன். ஆட்டினேன், அசையவில்லை. ஜன்னலோரத்தில் கச்சிதமாக நின்றது. மெத்தையை உள்ளே போட்டேன்.

நான்கு பக்கமும் இடம் தெரிந்தது. விரலை விட்டேன். இரண்டு விரல் உள்ளே போனது.

தப்பு பாயுடையது இல்லை. பதினெட்டு வருஷமாக நான் செய்கிற வேலை, சாமான் அடுக்கிய பலகையை ராக்குக்குள் நுழைப்பது. அதில் நான்கு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டால்தான் உரசாது, சிக்காது. கட்டிலின் உள் அளவை எடுத்த என் கை, அதே பழக்கத்தில் பக்கத்துக்கு ஓர் அங்குலம் கழித்துவிட்டு எழுதியிருக்கிறது. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இரண்டு தெருவில் அல்லவா வைத்திருந்தேன்.

மெத்தையை மறுபடி பாயிடம் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். ஆனால் எனக்கு அந்த நிமிஷமே பிள்ளையைப் பெரிய கட்டிலிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று இருந்தது. பழைய சாரோங்குகளை எடுத்துக் கயிறு மாதிரி சுருட்டி, அந்த இடைவெளியில் சுற்றிலும் திணித்தேன். ஒரு விரல்கூடப் போகவில்லை. அப்புறம் கம்புகளில் கை கால் மாட்டிக்கொள்ளுமே என்று தோன்றியது. சாமான் சுற்றுகிற மெல்லிய ஸ்பாஞ்ச் சுருள் வீட்டில் கிடந்தது. அதையும் உள்பக்கமாகச் சுற்றிக் கட்டினேன். அத்தை தன் பங்குக்கு, தலை உருண்டையாக வரட்டும் என்று ஒரு கடுகுத் தலையணை வைத்தார். காத்து கருப்பு அண்டாமல் இருக்க ஒரு பாக்குவெட்டியை மெத்தைக்கு அடியில் தள்ளினார். பாக்குவெட்டியைப் பற்றி நான் வாயைத் திறந்தேன், மனைவி கண்ணைக் காட்டினாள். பிள்ளையைப் போட்டோம். ஒரு கூட்டுக்குள் வைத்த மாதிரி இருந்தாள். எனக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் நிம்மதி வந்தது.

மறுநாள் காலையில் கிளினிக்கிலிருந்து மிஸ்ஸி வந்தார். பிரசவம் ஆன வீடுகளுக்கு அவர்களே தேடி வருவார்கள். வந்தவர் அதே பெண். மனைவியைப் பார்த்து, பிள்ளையின் தொப்புளைப் பார்த்து, எடை போட்டு முடித்தார். நான் அதற்குத்தான் காத்திருந்தேன். "மிஸ்ஸி, நீங்க சொன்ன மாதிரியே கட்டில் வாங்கிட்டேன். வந்து பாருங்க," என்றேன். எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. பள்ளிக்கூடத்தில் ஒரு தடவைகூட நோட்டை நீட்டி "டீச்சர், பாருங்க" என்று நான் சொன்னதில்லை.

அவர் குனிந்து பார்த்தார். கடுகுத் தலையணையை எடுத்து என் கையில் கொடுத்தார். ஸ்பாஞ்சின் முடிச்சை அவிழ்த்தார். மெத்தையின் ஓரத்தைத் தூக்கியதும் பாக்குவெட்டி தெரிந்தது. அதைப் பார்த்து அவர் முகம் மாறவில்லை, நிறைய வீடுகளில் பார்த்திருப்பார் போல. "இதைக் கட்டிலுக்குக் கீழே, தரையிலே வைங்க மாக்சிக். பிள்ளை கிட்ட வேண்டாம்," என்று மூத்த பெண்களைக் கூப்பிடும் மலாய் முறையில் அத்தையிடம் சொன்னார். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். இனிமேல் எல்லாத் திட்டும் அத்தைக்குத்தான் என்று நினைத்தேன்.

மிஸ்ஸி சாரோங் சுருளின் ஒரு நுனியைப் பிடித்து இரண்டு விரலால் இழுத்தார். அவ்வளவு இறுக்கமாக நான் திணித்தது, நெகிழ்ந்து நெகிழ்ந்து மெத்தை மேலேயே வந்து குவிந்தது. பிள்ளை முகம் இருக்கிற இடத்தில்.

"இது யார் வைத்தது?"

"நான்தான்."

அவர் கையை நீட்டி, மெத்தையை ஒரு பக்கமாகத் தள்ளினார். இரண்டு பக்கத்து இடைவெளியும் சேர்ந்து ஒரே பக்கம் பெரிதானது. தன் முஷ்டியை அதில் இறக்கிக் காட்டினார். அடி வரைக்கும் போனது. "பிள்ளை மூக்கு இங்கே போனால் அதுக்குத் திரும்பத் தெரியாது, அபாங். கட்டில் நல்ல கட்டில். மெத்தைதான் சரியில்லை. அளவா ஒன்று வரும் வரைக்கும் இதிலே போடாதீங்க."

நேற்று மத்தியானத்திலிருந்து அவள் அதில்தான் கிடந்தாள். நான் நிம்மதியாக இருந்த நேரம் அதுதான். சாரோங்குகளை அள்ளி வெளியே போட்டேன்.

திட்டு வருமென்று அத்தையைப் பார்த்தேன். அத்தை மனைவியிடமிருந்து பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "போய் மெத்தைய மாத்திட்டு வாங்க மாப்ள. நீங்க வர்ற வரைக்கும் நான் இவள கீழ விட மாட்டேன்," என்றார்.

பாய் நான் எழுதிக் கொடுத்த காகிதத்தை இன்னும் ஆணியில் குத்தி வைத்திருந்தார். "உங்க கையெழுத்துதானே அண்ணே இது?" என்றார். ஆமாம் என்றேன். இடம் விட்டு எழுதியதையும் சொன்னேன். "நல்ல வேள, சட்டை தைக்கறவரா பொறக்காம போனீங்க," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிண்டலை நிறுத்தினார். கையில் இருந்த வேலையை ஓரமாக வைத்து, தானே என்னோடு வேனில் ஏறி வந்தார். கட்டிலில் டேப் வைத்து அளந்தார். சாயந்திரம் ஐந்து மணிக்குப் புது மெத்தை வந்துவிட்டது. நான்கு மூலையிலும் அமுக்கித்தான் உள்ளே போட வேண்டியிருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். நகம்கூட நுழையவில்லை.

ஒரு விரிப்பை மட்டும் இழுத்துக் கட்டிப் பிள்ளையைப் போட்டோம். தலையணை இல்லை, சுருள் இல்லை, ஒன்றுமே இல்லை. நான்கு பக்கமும் வெறும் கம்பு, நடுவில் ஒரு முழம்கூட இல்லாத உடம்பு. பார்க்கப் பார்க்க எனக்கு எதையாவது எடுத்து வைக்க வேண்டும் போலக் கை பரபரத்தது. அத்தைக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். "ஒரு சின்னத் துணியாச்சும்..." என்று ஆரம்பித்தார். "வேணாம் அத்தை," என்றேன். அவரும் விட்டுவிட்டார்.

மனைவி என் சட்டையை மோந்து பார்த்துவிட்டு, "ரெண்டு நாளாச்சு நீங்க குளிச்சு. இந்த நாத்தத்துலதான் பிள்ளைக்கு மூச்சு முட்டும். போங்க," என்று விரட்டினாள். அவளும் சாப்பிடக் கூடத்துக்குப் போனாள்.

பாத்ரூம் கதவைக் கொஞ்சம் திறந்தே வைத்துக் குளித்தேன். முதுகில் சோப்புப் போடும்போது, சத்தமே வரவில்லையே என்று தோன்றியது. தண்ணியை நிறுத்திவிட்டுக் கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. துண்டைச் சுற்றிக்கொண்டு சோப்பு நுரையோடு அறைக்கு ஓடினேன்.

கட்டில் பக்கத்தில் அத்தை நின்றிருந்தார். மேல்கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குனிந்து, பிள்ளையின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்ததற்குத் திரும்பவில்லை.

"பிள்ள மூச்சு விடுறா மாப்ள, நல்லா விடுறா," என்று மெதுவாகச் சொன்னார். "நானும் இப்பத்தான் எண்ணிப் பாத்தேன்."

"எத்தனை வரைக்கும் எண்ணுனீங்க?"

"நூறு."

நான் அந்தப் பக்கம் போய் நின்று, ஒன்றிலிருந்து தொடங்கினேன்.